கடைசிக் கை

செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்தரைக்கு வண்டி வந்து வாசலில் நிற்கும். ஓட்டுநர் கிடையாது. பின்கதவு தானாகத் திறக்கும். இடது இருக்கை முன்பே சாய்ந்திருக்கும், சாருமதிக்குப் பிடித்த அளவுக்கு. அதில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்.

நான் வலது பக்கம் ஏறி உட்காருவேன். வண்டி சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பும்.

சாருமதி இறந்து பதினைந்து வாரம் ஆகியிருந்தது.

வண்டிக்கு அது தெரியாது. வண்டியை அனுப்பும் இயக்கிக்கும் தெரியாது. ஈரோட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

காலிங்கராயன் வாய்க்கால் பாலத்தில் வண்டி நடைவேகத்துக்கு இறங்கும். ஒருமுறை அந்தக் குலுக்கலில் அவளுக்குக் குமட்டல் வந்தது. அன்று மாலை அதைத் தன் பதிவில் எழுதினாள். அதிலிருந்து வண்டி பாலத்தை ஊர்ந்துதான் கடக்கிறது. இரண்டு பக்கமும் மஞ்சள் பயிரிட்ட காடு. பனி இலைமேல் உட்கார்ந்திருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. அந்த ஒரு நிமிடத்தில் நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்பதும் எனக்குத் தெரியாது.

இயக்கி என்பது பெரிய விஷயமில்லை, அரசாங்கக் கணினிதான். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. பதிவுக்குள் கட்டங்கள். ஒரு கட்டத்தில் எழுத்து மாறினால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் விதிகள் விழித்துக்கொள்ளும். ஒரு விதி இன்னொரு கட்டத்தை மாற்றும், அது இன்னொன்றை எழுப்பும். மனு இல்லை, வரிசை இல்லை, கையெழுத்துக்கு அலைவது இல்லை. சாருமதியின் சிறுநீரகம் நின்றுவிட்டது என்று ஒரு கட்டத்தில் எழுதினார்கள். அந்த வாரமே டயாலிசிஸ் மையத்தில் நாற்காலி ஒதுங்கியது. வண்டி வந்தது. வீட்டுக்கு வரும் காய்கறிப் பையிலிருந்து தக்காளியும் வாழைப்பழமும் காணாமல் போயின. சமையலறைக் குடிநீர்க் குழாய் அவளுடைய டம்ளரை அடையாளம் கண்டு, ஒரு நாளைக்கு நான்கு முறை நிரப்பும். ஐந்தாவது முறை திறக்காது. நாங்கள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அந்த விதிகளை எழுதுபவர்களில் நானும் ஒருவன். அதுதான் என் வேலை.

பதினைந்து வாரமாக நான் அவள் டம்ளரில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நான்கு டம்ளர். உதடு வெடித்திருந்தது. என் டம்ளர் அலமாரியிலேயே இருந்தது.

*

மூன்று வருடத்துக்கு முன் கோபி பக்கம் ஒரு பெண் இறந்தார். அதே பெயர், அதே தலைப்பெழுத்து, அதே பிறந்த வருடம் உள்ள இன்னொரு பெண்ணின் பதிவில் இறந்த தேதி ஏறிவிட்டது. ஒரே காலையில் எல்லா விதிகளும் விழித்துக்கொண்டன. உயிரோடு இருந்த பெண்ணுக்கு வண்டி நின்றது, மாத்திரை நின்றது, நாற்காலி வேறொருவருக்குப் போனது. அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி, நான் இருக்கிறேன் என்று சொன்னார். சொன்னதை எழுத ஒரு கட்டம் இல்லை. ஒன்பதாவது நாள் பதிவு சொன்னது உண்மையாகிவிட்டது.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு விதி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஒருவரின் இறந்த தேதியை எந்த இயந்திரமும், எந்த அலுவலரும், எந்த மருத்துவரும் எழுத முடியாது. அவரவர் முன்பே தேர்ந்தெடுத்த ஒரே ஓர் ஆள்தான், தன் கட்டைவிரலை வைத்து எழுத முடியும். அந்த ஆளுக்குச் சட்டத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் கடைசிக் கை என்றார்கள்.

அது சீக்கிரமே சடங்காகிவிட்டது. கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும், வெற்றிலைத் தட்டில் விரல்ரேகை படிக்கும் ஒரு சிறு பலகையை வைத்து எடுத்து வருவார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கடைசிக் கை. பெண் மாப்பிள்ளைக்கு. இரண்டு கட்டைவிரலிலும் சந்தனம் இருக்கும். பலகை சந்தனத்தைப் படிக்காது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள்.

எங்களுக்குக் கல்யாணம் முன்பே முடிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் அந்த விதியைச் சோதித்தேன். சாருமதி எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பரிதி, அந்த ஆள் போடவே இல்லைன்னா?"

"போடற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கும். யாரும் அவசரப்படுத்தவும் கூடாது. கேட்டாலே குற்றம். அதையும் எழுதியிருக்கேன்."

"கட்டம் காலியா இருந்தா உயிரோட இருக்காங்கன்னு அர்த்தமா?"

"ஆமா."

"காலின்னா இன்னும் எழுதலைன்னுதான அர்த்தம்?"

"விதிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நறுக்குவதை நிறுத்தினாள். "சரி, கை வரலைன்னா என்ன பண்ணுவ?"

ரேகை படியாததைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வயசானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ஈரக் கையாக இருக்கும். நல்ல கேள்வி என்று சொல்லி, மூன்று முறை முயலலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்றும் தவறினால் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவரைக்காயைப் பார்த்தாள். "ரொம்ப நல்லவன்டா நீ," என்றாள்.

*

மையத்தில் பதினான்கு நாற்காலி. பதினான்காவது சன்னலோரம். நான் போகும்போது அதன் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். குழாய்கள் கழுவி, கரைசல் நிரம்பி, கம்பளி சூடாகி, எல்லாம் தயார். ஆறிலிருந்து பத்து வரை அது காத்திருக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் இயந்திரம் ஓடாது. பத்து மணிக்கு அணையும். நான் பக்கத்து முக்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அதே வண்டியில் திரும்புவேன்.

"வாங்க சார். பதினாலு ரெடி," என்பார் ஸ்டெல்லா சிஸ்டர். ஒவ்வொரு முறையும் இதே சொற்கள்தான். வேறு எதுவும் அவர் சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும். நான் எழுதியதுதான்.

வெளியே காத்திருப்போர் பெஞ்சில் சென்னியப்பன் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அறுபது வயது இருக்கும். சித்தோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். நாற்காலிப் பட்டியலில் இருப்பவர். யாராவது வெளியூர் போனதாகப் பதிவு செய்தால், அன்று ஒரு நாள் அந்த நாற்காலி பெஞ்சில் இருப்பவருக்குக் கிடைக்கும். வாரத்தில் ஒருமுறை கிடைத்தால் பெரிது. அவருக்கு மூன்று முறை வேண்டும். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கும். பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. பெஞ்சில் இடமில்லாமல் ஆள் நின்றாலும் அந்தப் பையைக் கீழே வைக்க மாட்டார்.

"முப்பது வருசம் தண்ணி லாரி ஓட்டுனனுங்க தம்பி," என்றார் முதல் நாள். "இப்பப் பாருங்க, நானே தண்ணி லாரி ஆயிட்டேன். குலுக்குனா சத்தம் வரும்."

நான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவரே சிரித்துக்கொண்டார்.

"பட்டியல்ல எத்தனையாவது இருக்கீங்க?"

"ரெண்டாவதுங்க. ஏழு மாசமா ரெண்டாவதுதான்."

"முதல் ஆள் யாரு?"

"பேரெல்லாம் வெளிய காட்டாதுங்களே. நம்பருதான் காட்டும். உங்களாட்டப் படிச்சவங்க எவனோ அப்படி எழுதி வெச்சுட்டான்."

அதை எழுதியது நானில்லை. ஆனால் சொல்லவில்லை.

பதினான்காவது நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. கண்ணாடி வழியாக எனக்கும் நாற்காலிக்கும் நடுவில் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பத்து மணிக்கு நான் வெளியே வரும்போது "போயிட்டு வாங்க" என்பார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார்.

*

பதினைந்தாவது வாரத்துச் சனிக்கிழமை அவர் பெஞ்சில் நேராக உட்கார முடியாமல் முன்னால் சரிந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே ஏதோ கொதிக்கிற சத்தம்.

ஸ்டெல்லா சிஸ்டர் அவர் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். எழுந்து உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றார்.

"நுரையீரல்ல தண்ணி ஏறிடுச்சு. அவசர மிஷின் மாசத்துக்கு ஒரு தடவதான். இவரு போன வாரமே போட்டுக்கிட்டாரு. இன்னிக்கு யாரும் ஊருக்குப் போகல. திங்கக்கெழம வரைக்கும் தாங்க மாட்டாரு." மூக்கை உறிஞ்சினார். "நான் யாரையும் எதுவும் கேக்கலீங்க. சுவத்துக்கிட்டப் பேசறேன்."

"சிஸ்டர்."

"சுவத்துக்கிட்டதான் பேசறேன்னு சொன்னேனே சார்."

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சிறு பலகை உண்டு. அதைத் தொட்டேன். சாருமதியின் பதிவு திறந்தது. எடை, ரத்தக் கொதிப்பு, தண்ணீர். கீழே, கடைசியில், இறந்த தேதிக்கான வெள்ளைக் கட்டம். அந்தத் தேதி எனக்குத் தெரியும். ஒரு புதன்கிழமை, மதியம் மூன்றே கால். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள். மின்மயானத்தில் கொடுத்த காகிதம் மேசை இழுப்பறையில் இருந்தது.

தேதியை எழுதினேன். கட்டைவிரலை வைத்தேன்.

படியவில்லை, மறுபடி முயலவும்.

சட்டையில் துடைத்துவிட்டு வைத்தேன். படியவில்லை. இன்னும் ஒரு முறைதான்.

கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது. சாருமதி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குகிறாள். கை வரலைன்னா என்ன பண்ணுவ?

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். மூன்றாவது முறை படிந்தது.

சத்தமெல்லாம் வரவில்லை. கம்பளியின் சூடு அணைந்தது. நாற்காலி மெதுவாக நிமிர்ந்து, யாருக்கும் பொதுவான ஓர் அளவில் நின்றது. வெளியே வண்டியின் கதவு மூடிக்கொண்டது. சன்னல் வழியாக அது திரும்பிப் போவதைப் பார்த்தேன். வீட்டிலும் ஒவ்வொன்றாக ஏதேதோ மாறிக்கொண்டிருக்கும்.

ஸ்டெல்லா சிஸ்டர் ஊசியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பெஞ்சைப் பார்த்து, "பெரியவரே, எந்திரிங்க, எந்திரிங்க" என்றார்.

பலகையில் பெயர் வந்தது.

பூவாத்தாள். சித்தோடு. வண்டி புறப்பட்டது.

சிஸ்டர் நின்றுவிட்டார். "பூவாத்தாளா? யாருங்க அது? முதல் ஆளா?" பல்லைக் கடித்தார். "அந்தம்மா வர்றதுக்கு அரை மணி ஆகுமே. வரட்டும். அவங்களும் பாவம், எத்தன நாளாக் காத்துட்டு இருந்தாங்களோ."

"வரமாட்டா அம்மணி," என்றார் சென்னியப்பன் வாசலில் இருந்து. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற கையில் மஞ்சள் பை. "என்ற ஊட்டுக்காரிதான். போயி பதினோரு மாசமாச்சு."

மற்றப் பதின்மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன.

*

அவரை முக்காலியில் உட்கார வைத்தேன். சிஸ்டர் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டினார். மாட்டும்போது கோபமாக இருந்தார். ஒரு வார்த்தை சொல்ல முடியாத கோபம்.

"ரெண்டு பேருக்கும் சர்க்கரைங்க," என்றார் சென்னியப்பன். மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேச முடிந்தது. "அவளுக்கு மொதல்ல போச்சு. பேர் எழுதிட்டுக் காத்துட்டு இருந்தா. எனக்கும் போச்சு. நானும் எழுதுனேன். சேர் வர்றதுக்குள்ள அவ போயிட்டா."

"நீங்கதான் கடைசிக் கையா?"

"வேற யாரு."

பூவாத்தாளின் பதிவை மூடச் சொல்லி அவரிடம் நான் சொல்ல முடியாது. சிஸ்டர் சொல்ல முடியாது. நான் எழுதிய விதி என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அவர் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து நான்கு.

"அவ எடத்த எடுத்துட்டு நான் உக்காரோணும். அதானுங்களே?" என்றார். "உங்க சேரு காலியா நிக்கற வரைக்கும் அந்த ரோசனையே எனக்கு வேண்டியதில்லாம இருந்துச்சு. மூடுனாலும் சும்மா மூடுனதுதான், சேரு ஒண்ணும் வரப்போறதில்லையேன்னு இருந்துட்டேன். நீங்க மூடாதது எனக்கு ஒரு வகையில நல்லதாப் போச்சுங்க."

"எனக்கு அது தெரியாது."

"தெரியோணும்னு நான் இருக்கலையே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வலிச்சுதுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

"ரெண்டு தடவ படியல."

"கையிங்களா?"

"ஆமாங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

பிறகு மஞ்சள் பையை என்னிடம் நீட்டினார். உள்ளே மடித்து வைத்த ஊதா நிறச் சால்வை. நாப்தலின் வாசனை. "அங்க ஏசி குளுருமுன்னு அவளே எடுத்து வெச்சது. சேர் வந்தா உடனே கெளம்போணும்னு ரெடியா வெச்சிருந்தா." நாற்காலியைப் பார்த்தார். "அது மேல போட்டு உடுங்க தம்பி. இன்னிக்குத்தான் அவளுக்குக் கெடச்சிருக்குது. நாலு மணி நேரம் அவ உக்காந்துக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"பெரியவரே," என்றார் சிஸ்டர். "நாலு மணி நேரம்னா…" சொல்லி முடிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சால்வையை விரித்தேன். யாரோ வரப்போகிறார்கள் என்று நாற்காலிக்குத் தெரியும். கம்பளி சூடாகியது, பச்சை விளக்கு எரிந்தது. ஆறே முக்காலுக்கு வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடியது. சித்தோட்டில் பூட்டிய வீட்டு வாசலில் அது எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வாசலில் வழக்கமாக நான்கு நிமிடம் நிற்கும்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத்தான் நினைவில் இருக்கிறது. சன்னலில் வெயில் ஏறியது. ஊதாச் சால்வையின் ஒரு மூலை ஏசிக் காற்றில் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. மூச்சு விடுவது போல. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்காலியில் யாரும் இல்லை என்று உறுதியாகச் சொல்லச் சொல்லியிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. பூவாத்தாளை நான் பார்த்ததில்லை. சாருமதியின் தலை அந்தச் சாய்மானத்தில் எங்கே வரும் என்பது தெரியும்.

மூச்சு முப்பத்தெட்டு. நாற்பது. சிஸ்டர் ஆக்சிஜனைக் கூட்டினார். அவர் உதடு நீலம் பூத்திருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது கேட்பதாகாது. விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

மணி ஏழே முக்கால். சென்னியப்பன் தலையைத் தூக்கினார்.

"போதுமுங்க," என்றார்.

நான் அவர் கையை விடவில்லை.

"எங்கயும் அவ முழுசா உக்கார மாட்டா. கண்ணாலத்துக்குப் போனாப் பந்தி முடியறதுக்குள்ள எந்திரிச்சுருவா. சினிமாவுக்குப் போனா இண்டர்வெல்லோட வா போலாம்பா. ஊட்ல வேல கெடக்குதும்பா." நாற்காலியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை. "இந்நேரம் எந்திரிச்சிருப்பா. கூட்டிட்டுப் போங்க என்னைய."

நான் ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம். பலகைவரை இரண்டே எட்டு வைத்தோம். தேதியை அவர் சொன்னார், நான் எழுதினேன். கட்டைவிரலை வைத்தார். முதல் முறையே படிந்தது.

"ஸ்டேரிங் புடிச்ச கையிங்க," என்றார்.

பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. பலகையில் அவர் பெயர். சிஸ்டர் அதைப் படித்து முடிக்கும் முன்பே அவரை நாற்காலியில் சாய்த்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியது. ஊதாச் சால்வையை அவர் மேலேயே போர்த்தினேன்.

ஒரு மணி நேரத்தில் மூச்சு இருபத்தெட்டுக்கு வந்தது. கண்ணைத் திறந்தார்.

"தம்பி, செவ்வாக்கெழம வருவீங்களா?"

"எனக்கு வண்டி வராதுங்களே."

"பஸ்ஸுன்னு ஒண்ணு ஓடுது ஊருக்குள்ள. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எங்க நிக்கும்?"

"அட சாமி." சிஸ்டரைப் பார்த்தார். "ஊருக்கே சட்டம் எழுதற ஆளு, பஸ் ஸ்டாப்பு எங்கன்னு கேக்கறாரு."

நான் எழுதுபவன் என்பது அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

*

பஸ்ஸில் நிற்க மட்டும் இடம் இருந்தது. காலிங்கராயன் பாலத்தில் பஸ் வேகம் குறைக்கவில்லை. தூக்கிப் போட்டது. பக்கத்தில் நின்ற பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்ன இப்படி ஓட்டறான்," என்றார். திரும்பிப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் நன்றாகவே தெரிந்தது.

வீட்டு வாசலில் காய்கறிப் பை வந்திருந்தது. மேலாக ஒரு சீப்பு வாழைப்பழம். அதை மேசையில் வைத்தேன்.

அன்று காலை கிளம்பும் முன்பே நான்கு டம்ளரும் குடித்து முடித்திருந்தேன். தாகம் தாங்காமல் அப்படிச் செய்திருந்தேன். சமையலறைக்குப் போய் அவள் டம்ளரை எடுத்துக் குழாயின் கீழே வைத்தேன். திறந்தேன்.

தண்ணீர் வந்தது. டம்ளர் நிறைந்தது. விளிம்பைத் தாண்டி, என் விரல்மேல் வழிந்து, மணிக்கட்டுக்கு இறங்கியது.

நிற்கவில்லை. நானும் மூடவில்லை.